தொலேதோவில் இரவு தங்கினோம்

மாட்ரிடில் படிக்கும் மாணவி:

முதுகலை படிக்க மாட்ரிட் வந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. நவம்பர் கடைசியில் எங்கள் வகுப்பில் 14 பேர் சேர்ந்து தொலேதோ போனோம். நம் பக்கம் டொலேடோ என்று எழுதுவார்கள்; ஊர்க்காரர்கள் வாயில் அது தொலேதோதான். பிரேசில், போலந்து, மெக்சிகோ, இத்தாலி என்று ஆளுக்கொரு நாடு. தமிழ் பேசத் துணைக்குக் கோயம்புத்தூர்த் தம்பி ஒருத்தன் மட்டும். அதிவேக ரயிலில் அரை மணி நேரம்தான் ஆகும். ஆனால் எங்கள் கைக்காசுக்குப் பேருந்துதான் கட்டுப்படியானது. சனிக்கிழமை காலை பிளாசா எலிப்திகா நிலையத்தில் ஏறினோம்.

மாட்ரிடில் யாரைக் கேட்டாலும், "தொலேதோவா? காலையில் போய்ச் சாயங்காலம் திரும்பிடலாமே" என்பார்கள். நாங்களும் அப்படித்தான் போவதாக இருந்தோம். மெக்சிகோ தோழி ஒருத்தி பிடிவாதமாக நின்று விடுதியில் எல்லாருக்கும் ஒரு இரவுக்குப் படுக்கை பதிவு செய்துவிட்டாள். அவளுக்கு நான் பட்ட கடனுக்காகவே இதை எழுதுகிறேன்.

ஊரே ஒரு பாறைக் குன்று. தாஹோ ஆறு மூன்று பக்கமும் அதை வளைத்துக்கொண்டு ஓடுகிறது. அல்காந்தரா பாலத்தைத் தாண்டி உள்ளே நுழைந்தோம். அரபியில் அல்-கந்தரா என்றாலே பாலம்தான். நாம் 'நடு சென்டர்' என்கிற மாதிரி இவர்கள் பாலத்தைப் 'பாலப் பாலம்' என்று கூப்பிடுகிறார்கள். மையச் சதுக்கமான சொகொதொவேரும் அரபிப் பெயர்தான், ஒரு காலத்தில் அது கால்நடைச் சந்தை. முஸ்லிம் ஆட்சியிலிருந்து ஆறாம் அல்போன்சோ என்ற கிறிஸ்தவ மன்னர் 1085இல் ஊரைப் பிடித்து 900 வருஷம் தாண்டியும் பெயர்கள் அழியவில்லை.

பகல் முழுக்கத் தோளோடு தோள் இடிக்கிற கூட்டம். கதீட்ரலில் ஒன்றை மட்டும் தவற விடாதீர்கள்: பலிபீடத்துக்குப் பின்பக்கம் மேற்கூரையைத் திறந்து வெளிச்சத்தை உள்ளே இறக்கியிருக்கிறார்கள். நர்சிசோ தொமே என்பவர் 1732இல் முடித்த வேலை. கீழே நின்று அண்ணாந்து பார்த்தால் சிலைகள் எல்லாம் அந்த வெளிச்சத்திலிருந்து இறங்கி வருவதுபோல் இருக்கும்.

சான்தோ தொமே தேவாலயத்தில் எல் கிரேக்கோ என்ற ஓவியரின் 'ஓர்காஸ் பிரபுவின் அடக்கம்' என்ற ஓவியம் இருக்கிறது. 1586க்கும் 1588க்கும் நடுவில் வரைந்தது, 4.8 மீட்டர் உயரம். எந்த அருங்காட்சியகத்துக்கும் போகாமல், அந்தப் பிரபுவின் கல்லறை இருக்கிற இடத்திலேயே இன்றைக்கும் நிற்கிறது. முன்வரிசையில் நிற்கிற சிறுவன் ஓவியரின் மகன். அவன் பையிலிருந்து எட்டிப் பார்க்கிற கைக்குட்டையில் அப்பாவின் கையெழுத்து கிரேக்க எழுத்தில், கூடவே பையன் பிறந்த வருஷம் 1578. கிரீட் தீவில் பிறந்து, 1577இல் இங்கே வந்து, 1614இல் சாகிறவரை இங்கேயே வாழ்ந்த மனிதர் அவர். ஊர் அவரைக் 'கிரேக்கன்' என்றுதான் கூப்பிட்டது. அவரும் தன் எழுத்தை விடவில்லை. பல்கலைக்கழகப் படிவத்தில் நான் தமிழில் கையெழுத்துப் போட்டபோது அலுவலகப் பெண் ஒரு நொடி நிமிர்ந்து பார்த்தது ஞாபகம் வந்தது. அந்தக் கைக்குட்டையை விட்டு நகர மனசே வரவில்லை.

மதியம் நாலாபக்கமும் பிரிந்தோம். நானும் தம்பியும் ஒரு பட்டறை வாசலில் நின்றுவிட்டோம். தமாஸ்கீனாதோ என்று உருக்கில் தங்க இழை பதிக்கிற வேலை, இந்த ஊரின் பழைய கைத்தொழில். பட்டறைக்காரருக்கு அறுபது வயது இருக்கும். எங்களைப் பார்த்ததும் உள்ளே வரச் சொல்லி, வேலை முடியாத ஒரு தகட்டை நீட்டி, நகத்தால் தடவிப் பார்க்கச் சொன்னார். அரம் போலச் சொரசொரவென்று இருந்தது. சின்னக் கத்தியால் குறுக்கும் நெடுக்குமாகக் கீறி வைத்தால்தான் தங்கம் பிடித்துக்கொள்ளுமாம். தலைமுடி கனத்துக்கு ஒரு தங்க இழையை எடுத்து, இடது கை விரலால் வளைத்து வளைத்துக் கொடியாக்கிக்கொண்டே, வலது கையால் முனையில் தட்டினார். அடிக்கிற சத்தம்கூடக் கேட்கவில்லை. பதித்து முடித்ததும் காரக் கரைசலில் போட்டுக் காய்ச்சினால் உருக்கு கருநீலமாகிவிடும், தங்கம் மட்டும் மாறாது. வாசலில் கூடை கூடையாகக் கிடக்கிற சாவிக்கொத்துகள் இயந்திரத்தில் அடித்தவை என்று அவரே சொன்னார். கைவேலை வேண்டுமென்றால் இப்படிச் செய்துகொண்டிருக்கிற ஆளிடம் போய் வாங்குங்கள்.

ஐந்து மணிக்கு மேல் வெயில் இறங்கியது. பாதாமும் சர்க்கரையும் சேர்த்துச் செய்கிற மசபான் இந்த ஊர்ப் பண்டம், நம் முந்திரி கேக்குக்கு அக்கா முறை. மடத்தில் கன்னியாஸ்திரிகள் செய்து விற்கிறார்கள் என்று கேள்விப்பட்டு ஒரு கதவைத் தேடிப் போனோம். உள்ளே சின்ன இருட்டு அறை. சுவரில் பீப்பாய் மாதிரி ஒரு மரச் சுழல் பெட்டி, பக்கத்தில் மணிக் கயிறு. இழுத்தேன். ரொம்ப நேரம் கழித்து உள்ளே காலடிச் சத்தம். "ஆவே மரியா பூரீசிமா" (தூய மரியே வாழ்க) என்றது ஒரு வயதான குரல். என்ன பதில் சொல்ல வேண்டும் என்று மெக்சிகோ தோழி காலையிலேயே சொல்லிக் கொடுத்திருந்தாள்: "சின் பெகாதோ கொன்செபீதா" (பாவமில்லாமல் கருவில் உருவானவளே). அரைக் கிலோ கேட்டேன். காசைப் பெட்டியில் வைத்ததும் அது மெதுவாகச் சுற்றி உள்ளே போனது. எந்த ஊர், வீட்டை விட்டு வந்து எவ்வளவு நாள், அம்மா இருக்கிறாரா என்று சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து கேள்வி வந்துகொண்டே இருந்தது. என் அரைகுறை ஸ்பானிஷை அவர் ஒரு இடத்திலும் திருத்தவில்லை. பெட்டி திரும்பி வந்தபோது பொட்டலத்தோடு, காகிதத்தில் சுருட்டிய உடைந்த துண்டுகளும் இருந்தன. "வழிக்கு வைத்துக்கொள், மகளே." முகம் கடைசிவரை தெரியவில்லை. வெளியே வந்ததும் தம்பி, "அக்கா, வாங்க, அம்மாவுக்குப் போன் போடலாம்" என்றான்.

எட்டு மணிக்கு மேல் ஊர் மாறிவிட்டது. வந்த பேருந்தெல்லாம் போயாயிற்று. சொகொதொவேரில் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். எங்கள் செருப்புச் சத்தமே எதிர்ச்சுவரில் மோதித் திரும்பி வந்தது. விடுதிக்குக் குறுக்கு வழி என்று புகுந்து தொலைந்தே போனோம். இரண்டு சுவரும் மேலே ஒட்டிக்கொண்டு சந்தே குகையாகிவிட்ட இடம். கைபேசியில் எங்கள் புள்ளி நாலு தெரு தள்ளி மிதந்தது. அப்போது குப்பைப் பையோடு ஒரு பாட்டி வந்தார். வழி கேட்டதும் பையைக் கீழே வைத்துவிட்டு எங்களோடு நடக்க ஆரம்பித்தார். தலைக்கு மேல் தெருவை மூடின இடத்துக்குக் கொபெர்த்திசோ என்று பெயராம். மடங்கள் எதிர்ச்சாரி வீட்டையும் சேர்த்துக்கொண்டபோது, வெளியே வராமல் போய்வரக் கட்டியவை. குதிரைமேல் ஈட்டியோடு வருகிறவன் குனியாமல் போகிற உயரம் வேண்டும் என்று அந்தக் காலத்தில் கட்டளையே இருந்தது என்று சொல்லி, கையைத் தூக்கிக் காட்டினார். விடுதி வாசல்வரை வந்தார். அவர் திரும்பிப் போகிற சத்தம் தெருமுனைவரை கேட்டது.

ஞாயிறு காலை சான் மார்த்தின் பாலம் தாண்டி, ஆற்றுக்கு அக்கரையில் பள்ளத்தாக்கு மேட்டுக்கு நடந்தே ஏறினோம். அங்கிருந்து கதீட்ரல் கோபுரமும் அல்காசார் கோட்டையும் முழு ஊரும் ஒரே பார்வையில் விழும். நான் தரவு அறிவியல் படிக்கிறேன். அல்காரிதம் என்ற சொல்லைச் சொல்லாமல் ஒரு நாள் போகாது; அல்-குவாரிஸ்மி என்ற அறிஞரின் பெயர்தான் அப்படித் திரிந்தது. அவருடைய இயற்கணிதத்தை அரபியிலிருந்து லத்தீனுக்குக் கொண்டுபோனவர்களில் ஒருவர், கிரெமோனா ஊர் கெரார்டோ, எதிரே தெரிகிற இந்த ஊர்க் குன்றின் மேல் உட்கார்ந்துதான் அதைச் செய்தார். தாலமியின் வானியல் நூல் 'அல்மஜெஸ்ட்' இங்கே கிடைக்கும் என்று இத்தாலியிலிருந்து வந்து, அரபி கற்று, 1175இல் அதை முடித்தார். ஊர் திரும்பாமல் 70 நூல்களுக்கு மேல் மொழிபெயர்த்தார். அவரும் ஒரு புத்தகத்துக்காக வந்த மாணவர்தானே. வழிக்கு என்று கிடைத்த மசபான் துண்டுகளை அந்த மேட்டில்தான் 14 பேரும் பகிர்ந்து தின்றோம்.

முன்பு வய்யாதொலீதில் படித்தவர்:

தங்கச்சி, யூதர் குடியிருப்பை நீங்கள் எழுதாததால் நான் சேர்க்கிறேன். அங்கே நடக்கும்போது தரையைப் பார்த்து நடங்கள். கல்லுக்கு நடுவில் கைவிரல் அகலத்தில் நீலமும் வெள்ளையுமாகச் சின்ன ஓடுகள் பதித்திருக்கும். அதுதான் எல்லை. பேத்ரோ மன்னரின் பொருளாளராக இருந்த சாமுவேல் ஹா-லெவி 14ஆம் நூற்றாண்டில் கட்டிய த்ரான்சிதோ தொழுகைக்கூடம் இப்போது அருங்காட்சியகம். சனிக்கிழமை மதியம் இரண்டுக்கு மேல் போனால் காசு கிடையாது, நான் அப்படித்தான் போனேன். சுவரின் மேல்வரிசையில் சுண்ணச் சிற்பத்துக்கு நடுவே எபிரேய எழுத்து ஓடுகிறது. இஸ்தான்புல்லிலிருந்து வந்த ஒரு அம்மா அதை விரலால் தொடர்ந்து வாய்க்குள் படித்துக்கொண்டிருந்தார். பிறகு காவலரிடம் ஏதோ கேட்டார். அவர் பேசியது பாட்டி காலத்து ஸ்பானிஷ். 1492இல் யூதர்கள் ஸ்பெயினிலிருந்து துரத்தப்பட்டபோது எடுத்துப்போன மொழி, 500 வருஷம் வீட்டுக்குள்ளேயே வைத்திருந்தது. அந்த வழித்தோன்றல்களுக்குக் குடியுரிமை தர ஸ்பெயின் சட்டம் போட்டது 2015இல்தான். காவலருக்கு ஒவ்வொரு சொல்லும் புரிந்தது. கேட்ட கேள்வி, கழிப்பறை எந்தப் பக்கம் என்பது. அதற்குப் பதில் சொல்லும்போது அந்த இளைஞனுக்குக் கண் கலங்கியதைப் பார்த்தேன்.

சலமான்காவில் இருக்கும் இன்னொருவர்:

சுழல் பெட்டி என்றதும் எழுதாமல் இருக்க முடியவில்லை அக்கா. வேறொரு ஊரில் ஒரு மடத்தில் நானும் இதேபோல மணி அடித்தேன். இந்தியா என்று சொன்னதும் உள்ளே பேச்சு நின்றுவிட்டது. பிறகு, "தமிழா? எனக்குக் கொஞ்சம் அறியாம்" என்றது குரல். கோட்டயம் பக்கம், வந்து 22 வருஷம். இங்கே மடங்களில் சேர உள்ளூர்ப் பெண்கள் குறைந்துவிட்டதால் கேரளாவிலிருந்தும் கென்யாவிலிருந்தும் வந்தவர்கள்தான் பல இடங்களில் அடுப்படியைப் பார்த்துக்கொள்கிறார்கள். மழை எப்படி, பஸ் டிக்கெட் இப்போது எவ்வளவு என்றெல்லாம் கேட்டார். பின்னால் வரிசையில் மூன்று பேர் நின்றார்கள், ஒருத்தரும் முணுமுணுக்கவில்லை.

பொங்கலுக்கு அம்மா அனுப்பிய பெட்டியில் நேந்திரங்காய் சிப்ஸ் இரண்டு பொட்டலம் இருந்தது. அடுத்த வாரமே பஸ் ஏறிப் போய் மணியை அடித்தேன். ஒன்றும் சொல்லாமல் ஒரு பொட்டலத்தைப் பெட்டியில் வைத்தேன். சுற்றி உள்ளே போனது. கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம் காகிதம் பிரிகிற சத்தம் கேட்டது.