ஒன்பது நாள் காடைக் குஞ்சின் தீனிப்பை விடிந்தும் வடியவில்லை, இது அடைப்புதானா?

கொல்லைக்காடை (ஒட்டன்சத்திரம்), சனிக்கிழமை காலை

அனைவருக்கும் வணக்கம். வீட்டின் பின்கட்டில் முதன்முறையாக ஜப்பானியக் காடை வளர்க்கிறேன். பொரிப்பகம் ஒன்றிலிருந்து ஒரு நாள் வயதில் 40 குஞ்சுகள் வாங்கினேன். இன்று அவற்றுக்கு ஒன்பதாம் நாள். முதல் மூன்று நாளில் இரண்டு இறந்தன. 37 குஞ்சுகள் நன்றாக ஓடித் திரிகின்றன. மீதமுள்ள ஒன்றைப் பற்றியே இந்தக் கேள்வி.

இன்று காலை இது கூட்டத்தை விட்டு ஒதுங்கி, இறகைச் சிலிர்த்துக்கொண்டு, கண்ணைப் பாதி மூடியபடி நின்றது. கையில் எடுத்துப் பார்த்தபோது, கழுத்தின் அடியில், நெஞ்சுக்குச் சற்று வலப்புறமாக, ஊறிய கொண்டைக்கடலை அளவில் ஒரு புடைப்பு இருந்தது. தோல் மெல்லியதாக இருப்பதால் உள்ளே பழுப்பு நிறத்தில் ஏதோ அடைந்திருப்பது வெளியிலேயே தெரிகிறது. அவ்வப்போது கழுத்தை நீட்டி, வாயைத் திறந்து, எதையோ விழுங்க முயல்வது போலச் செய்கிறது. தீவனத்தைக் கொத்துகிறது, ஆனால் அலகிலிருந்து நழுவ விட்டுவிடுகிறது. எச்சம் மிகக் குறைவு. அதுவும் பச்சை கலந்த நீராக இருக்கிறது. நகை நிறுக்கும் சிறு தராசில் வைத்துப் பார்த்தேன்: 19.2 கிராம். மற்றவை 30 முதல் 34 கிராம் வரை இருக்கின்றன.

கறிக்கோழிக் குஞ்சுகளுக்கு முதலில் கொடுக்கும் பிராய்லர் பிரீ ஸ்டார்ட்டர் தூள்தான் தீவனம். செலவு குறையும் என்று நான்கு நாள்களாக அதில் முழுக் கம்பும் உடைத்த சோளமும் கலந்து வருகிறேன். தரையில் ஐந்து நாள் செய்தித்தாள் விரித்திருந்தேன். பிறகு தென்னை நார்க்கழிவு பரப்பினேன். நேற்று இரவு ஒன்பது மணிக்கு மின்சாரம் போய், ஏறத்தாழ இரண்டு மணி நேரம் கழித்தே வந்தது. அதுவரை பெட்டியின் மேல் ஒரு சாக்கை மூடி வைத்திருந்தேன். காலையில் அம்மா இரண்டு மூன்று சொட்டு வெல்லத் தண்ணீர் கொடுத்தார்.

குஞ்சைத் தலைகீழாகப் பிடித்து, உள்ளிருப்பதைப் பிதுக்கி வெளியேற்றும் காணொளி ஒன்றைப் பார்த்தேன். அப்படிச் செய்யலாமா? எங்கள் பகுதிக் கால்நடை மருத்துவரைத் திங்கட்கிழமைதான் பார்க்க முடியும்.

ஓலைப்பந்தல்

எங்கள் வீட்டில் கோழிக்கு இப்படி வந்தால் தேங்காய் எண்ணெய் ஊற்றி, மெல்லத் தடவி விடுவார்கள். இரண்டே நாளில் சரியாகிவிடும். காடைக்கும் ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள்.

முத்துக்கூண்டு (பரமத்தி வேலூர்)

தலைகீழாகப் பிடிக்க வேண்டாம். காணொளியில் இருப்பது நன்கு வளர்ந்த பறவையாக இருந்தாலும் வேண்டாம். பறவையின் மூச்சுக்குழல் வாய் நாக்குக்குச் சற்றுப் பின்னால்தான் திறந்திருக்கிறது. தீனிப்பையில் இருக்கும் கூழ் மேலேறி வரும்போது அதில் ஒரு துளி மூச்சுக்குழலுக்குள் போனாலும், 19 கிராம் குஞ்சு நம் கையிலேயே போய்விடும். நான் காடை வளர்க்கத் தொடங்கிய காலத்தில் இந்த வைத்தியத்தால் இரண்டு குஞ்சுகளை இழந்தவன் என்பதால் சொல்கிறேன்.

தீனிப்பை நிறைந்திருப்பதே நோயன்று. தின்றதைச் சேர்த்து வைத்து, நனைத்து, சிறிது சிறிதாகக் கீழே அனுப்பும் பைதான் அது. மாலையில் புடைத்து, விடியலில் வற்றிக் கிடப்பது இயல்பு. இரவு முழுவதும் தீனி எடுக்காமலிருந்தும் காலையில் அதே அளவில் இருந்தால்தான் ஐயப்பட வேண்டும். உங்கள் பெட்டியில் இரவும் பல்பு எரிவதால் குஞ்சு நள்ளிரவிலும் தின்றிருக்கலாம். எனவே இப்போதே தீவனத்தை எடுத்துவிட்டு, மூன்று நான்கு மணி நேரம் கழித்து அதே இடத்தைத் தொட்டுப் பாருங்கள். பிசைந்த மாவைப் போல இருக்கிறதா, கல்லைப் போல இறுகியிருக்கிறதா, தண்ணீர் நிறைந்த பையைப் போலத் தளும்புகிறதா என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். மூன்றுக்கும் வழி வேறு.

உங்கள் பதிவில் அடைப்பைவிட மின்வெட்டுதான் எனக்கு முதலில் கண்ணில் பட்டது. காடையின் உடல் வெப்பம் இயல்பாகவே 41 டிகிரி செல்சியசுக்கு மேல். ஆனால் இந்த வயதில் அந்தச் சூட்டைத் தானாகக் காத்துக்கொள்ளும் இறகு அதற்கு இல்லை. உடல் குளிர்ந்தால் செரிமானப் பாதையின் அசைவு மந்தமாகிறது. குளிர்ந்த குஞ்சு தண்ணீரும் குடிக்காது. நனைய வழியில்லாமல் பையில் நின்ற தீனி இறுகிக் கட்டியாகிறது. அதில் முழுக் கம்பும் நாரும் இருந்தால் கேட்கவே வேண்டாம். ஆகவே அடைப்பு உண்மையாகவே இருந்தாலும், அதைத் தொடுவதற்கு முன் குஞ்சு சூடேற வேண்டும். குளிர்ந்த குஞ்சுக்குத் தண்ணீரும் தீனியும் புகட்டுவதுதான் புதியவர்கள் பலரும் செய்யும் பிழை.

காலணி அட்டைப்பெட்டி ஒன்றில் பழைய பருத்தித் துணியை விரித்து, ஒரு மூலையில் மட்டும் 40 வாட் பல்பு தொங்கட்டும். வெப்பமானியைக் குஞ்சின் முதுகு உயரத்தில் வையுங்கள். அங்கே 35 டிகிரி இருந்தால் போதும். எதிர் மூலை சற்றுக் குளிர்ச்சியாகவே இருக்கட்டும், சூடு மிகுந்தால் அது தானே விலகிப் போகும். கால் தொட்டால் சில்லென்று இல்லாமல் ஆகும்வரை ஒரு மணி நேரமாவது வேறு எதுவும் செய்யாதீர்கள்.

பிறகு தண்ணீர். மணிக்கட்டில் விட்டால் சூடும் தெரியாமல் குளிர்ச்சியும் தெரியாமல் இருக்க வேண்டும். 1 மில்லி சிரிஞ்சின் ஊசியைக் கழற்றிவிட்டு, அலகின் பக்கவாட்டு விளிம்பில் ஒரு துளியைத் தொங்க விடுங்கள். குஞ்சே அதை உறிஞ்சிக்கொள்ளும். வாய்க்குள் பீய்ச்சக் கூடாது. நான்கைந்து துளி போனதும் நிறுத்தி, இருபது நிமிடம் கழித்து மீண்டும் கொடுக்கலாம். இப்படி மூன்று முறை நனைந்த பிறகே தடவ வேண்டும். பழுத்த நாவற்பழத்தைத் தோல் கிழியாமல் உருட்டி, உள்ளே கொட்டை எங்கே இருக்கிறது என்று பார்ப்போமே, விரல் நுனியில் அந்த அழுத்தம் போதும். பக்கவாட்டில் உருட்டுங்கள், மேல்நோக்கித் தள்ளாதீர்கள். ஒரு நிமிடம் தடவினால் ஒரு மணி நேரம் ஓய்வு கொடுங்கள். வாயில் நீர் எட்டிப் பார்த்தால் உடனே கையை எடுத்துவிடுங்கள்.

ஓலைப்பந்தல் அண்ணாவுக்கு: கோழிக்கு ஒத்து வருவது இதற்கு வராது. முழுக்க நிறைந்த பையின் மேல் எண்ணெய் விட்டால் அது வழுக்கி எங்கே போகும் என்பது நம் கையில் இல்லை.

கொல்லைக்காடை

மிக்க நன்றி ஐயா. தொட்டுப் பார்த்தபோது கால் உண்மையிலேயே சில்லென்றுதான் இருந்தது. அதை நான் கவனிக்கவே இல்லை. சூடேறிய ஒரு மணி நேரத்தில் கண்ணை முழுவதும் திறந்துவிட்டது. தீவனத்தை எடுத்து நான்கு மணி நேரமாகியும் புடைப்பு குறையவில்லை. தொட்டால் மாவைப் போல இருக்கிறது. நடுவில் மட்டும் சற்றுக் கடினமாகப் படுகிறது. தயிர் கொடுக்கலாம் என்று பக்கத்து வீட்டில் சொல்கிறார்கள்.

பழைய மருந்தகம் (ஓய்வு பெற்ற கால்நடை ஆய்வாளர்)

தயிர் வேண்டாம், பாலில் உள்ள சர்க்கரையைச் செரிக்கும் திறன் பறவைகளுக்கு மிகக் குறைவு. வெல்லத் தண்ணீரும் இனி வேண்டாம். காலையில் கொடுத்த இரண்டு சொட்டால் கேடில்லை. ஆனால் தேங்கி நிற்கும் தீனியில் இனிப்பு தொடர்ந்து சேர்ந்தால் பூஞ்சைக்குத்தான் விருந்து.

முத்துக்கூண்டு சொன்னவற்றோடு மூன்று சோதனைகளைச் சேர்க்கிறேன். அறையை இருட்டாக்கி, கைப்பேசி விளக்கைப் புடைப்பின் பின்புறம் பிடித்துப் பாருங்கள். தீனி இருந்தால் கருத்து நிற்கும். வெறுங்காற்றாக இருந்தால் புடைப்பு முழுவதும் விளக்கைப் போல ஒளிரும். அப்படியானால் அது தீனிப்பையே அன்று, நுரையீரலோடு இணைந்த காற்றறை கிழிந்து தோலுக்கடியில் காற்று சேர்ந்திருக்கிறது என்று பொருள். அதைப் பிசைவது வீண். இரண்டாவதாக, வாயை மெல்லத் திறந்து முகர்ந்து பாருங்கள். புளித்த மாவின் வாடையும், நாக்கிலோ மேலண்ணத்திலோ வெண்ணிறப் படலமும் இருந்தால் பூஞ்சைத் தொற்றை எண்ண வேண்டும். அதற்கு நிஸ்டாட்டின் என்ற மருந்து உண்டு. ஆனால் எடைக்கு ஏற்ற அளவை மருத்துவர்தான் சொல்ல வேண்டும். மனிதர்களுக்கான மாத்திரையைக் கிள்ளிப் போடும் பழக்கம் பெரிய உயிர்களுக்கே ஆகாது. மூன்றாவதாக, ஆசனவாயைப் பாருங்கள். எச்சம் காய்ந்து அடைத்திருந்தால் மேலே எவ்வளவு தடவினாலும் பயனில்லை. வெந்நீரில் நனைத்த பஞ்சால் ஊற வைத்துத் துடையுங்கள், காய்ந்ததைப் பிய்த்தால் தோலும் சேர்ந்து வரும்.

பச்சை எச்சத்தைக் கண்டு மிரள வேண்டாம். வயிற்றுக்குள் தீனி இறங்காதபோது பித்தம் மட்டும் வெளியேறுவதால் அந்த நிறம் வருகிறது. ஆனால் இதே நிலை நாளை நான்கைந்து குஞ்சுகளுக்கு வந்தால், இது தீனிப்பைச் சிக்கல் என்ற எண்ணத்தையே விட்டுவிடுங்கள். காடைகளைக் கொத்தாகக் கொல்லும் குடற்புண் நோய் ஒன்று உண்டு. அப்போது இறந்த குஞ்சை உறைய வைக்காமல், பனிக்கட்டிக்கு நடுவில் வைத்து நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டு போய் அறுத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

கொல்லைக்காடை, ஞாயிற்றுக்கிழமை இரவு

விளக்கு வைத்துப் பார்த்தேன். கருப்பாகத்தான் இருந்தது, அதற்குள் கோடு கோடாக ஏதோ தெரிந்தது. வாயில் வெண்படலமோ வாடையோ இல்லை. ஆசனவாய் சுத்தமாக இருக்கிறது. நேற்று மாலையிலிருந்து ஆறு முறை தண்ணீர் கொடுத்துத் தடவினோம். இன்று மதியம் அம்மாதான் பார்த்தார்: அலகின் ஓரத்தில் தலைமுடி போல ஒன்று நீட்டிக்கொண்டிருந்தது. அதைப் பிடித்து மெல்ல இழுத்ததும், விரல் நக நீளத்துக்கு ஒரு தென்னை நார் வந்துவிட்டது. அதன் பிறகு இரண்டு மணி நேரத்தில் மூன்று முறை எச்சமிட்டது. கடைசி எச்சத்தில் ஒரு முழுக் கம்பு அப்படியே கிடந்தது. புடைப்பு இப்போது பாதியாகிவிட்டது. எடை மட்டும் 18.6 கிராமாகக் குறைந்திருக்கிறது. இனியும் பட்டினி போடலாமா என்று பயமாக இருக்கிறது.

முத்துக்கூண்டு

போடக் கூடாது. பாதி வடிந்ததுமே கூழ் தொடங்கலாம். கம்பு, சோளம் கலக்காத பிரீ ஸ்டார்ட்டர் தூளை வெந்நீரில் அரை மணி நேரம் ஊற வைத்து, மெல்லிய துணியில் வடித்து, மோர் பதத்தில் அலகின் ஓரம் வையுங்கள். ஒரு முறைக்கு ஐந்தாறு துளி போதும். முந்தைய துளிகள் கீழே இறங்கிவிட்டதை விரலால் அறிந்த பிறகே அடுத்த முறை கொடுக்க வேண்டும். மீந்த கூழைக் கொட்டிவிட்டு ஒவ்வொரு முறையும் புதிதாகக் கரையுங்கள்.

நார் எளிதாக வந்தது உங்கள் அதிர்ஷ்டம். படிப்பவர்கள் இதைப் பார்த்துத் தாமும் இழுத்துவிடக் கூடாது என்பதற்காகச் சொல்கிறேன்: மறுமுனை உள்ளே சிக்கியிருந்து, நாம் இழுத்தால், பைதான் கிழியும். சற்றே பிடித்து நின்றாலும் விட்டுவிட்டு மருத்துவரிடம் காட்டுங்கள்.

முழுக் கம்பு அப்படியே வெளியே வந்ததிலும் ஒரு செய்தி இருக்கிறது. பறவைக்குப் பல் இல்லை; அரைவைப்பையில் இருக்கும் பொடிக்கல்தான் தானியத்தை அரைக்கிறது. வீட்டுக்குள் பெட்டியில் வளரும் குஞ்சுக்கு அந்தக் கல் எங்கிருந்து கிடைக்கும்? இந்த வயதில் அதற்கு 24 விழுக்காட்டுக்குக் குறையாத புரதம் வேண்டும். கம்பில் ஏறத்தாழ அதில் பாதிதான் இருக்கிறது. கம்பு கலந்ததால் நீங்கள் மிச்சப்படுத்திய காசு, மற்ற 37 குஞ்சுகளின் வளர்ச்சியிலும் குறைந்திருக்கும்.

பழைய மருந்தகம்

நார்க்கழிவை இன்றே முழுவதும் அள்ளிவிடுங்கள். குஞ்சுகள் முதல் இரண்டு வாரத்தில் எது தீனி, எது கூளம் என்று பிரித்தறியாமல் கொத்தும். செய்தித்தாள் மட்டும் விரித்தால் கால் வழுக்கி இரு பக்கமும் அகன்றுவிடும். சணல் சாக்கு விரிக்கலாம் என்று சிலர் சொல்வார்கள். அதுவும் பிரிந்தால் நார்தான். நெளிவுள்ள அட்டையைச் சொரசொரப்புப் பக்கம் மேலே இருக்கும்படி விரித்து, தினமும் மாற்றுங்கள். மூன்றாம் வாரத்தில் நெல் உமிக்குப் போகலாம்.

தீனிப்பை முழுவதும் வடிந்தும் எடை ஏறாமல், எச்சமும் இல்லாமல் இருந்தால், நார் அடுத்த கட்டமான அரைவைப்பையில் சுருண்டிருக்கலாம். அதற்கு வீட்டில் வைத்தியம் இல்லை என்பதை முன்கூட்டியே சொல்லி வைக்கிறேன்.

கொல்லைக்காடை, செவ்வாய்க்கிழமை

நேற்று மருத்துவரிடம் காட்டினேன். நெஞ்சைத் தடவிப் பார்த்து, குழாய் விட்டுக் கழுவத் தேவையில்லை, கூழையே தொடருங்கள் என்றார். இன்று விடியற்காலை ஐந்தரை மணிக்குப் பெட்டியைத் திறந்து தொட்டபோது, புடைப்பு இருந்த இடத்தில் தளர்ந்த தோல் மட்டுமே விரலில் பட்டது. எடை 20.4 கிராம். காலையில் அட்டையின் மேல் நான்கைந்து எச்சம் கிடந்தன, பழுப்பு நிறத்தில், நுனியில் வெள்ளையோடு. தானாகவே தூளைக் கொத்துகிறது. மற்றவற்றின் சத்தம் கேட்டால் பெட்டியின் அந்தப் பக்கம் போய் நின்று கத்துகிறது. எப்போது கூட்டத்தில் விடலாம்?

முத்துக்கூண்டு

இன்னும் ஒரு விடியலில் பை வற்றி, எடையும் ஏறியிருந்தால் விடலாம். ஆனால் நேரே 37 குஞ்சுகளுக்கு நடுவில் வேண்டாம், மெலிந்ததைக் காடைகள் தலையில் கொத்தும். கூட்டத்திலேயே சிறியதாக இரண்டைப் பிடித்து இதன் பெட்டியில் இரண்டு நாள் விடுங்கள். பிறகு மூன்றையும் சேர்த்து, மாலை மங்கலில், எல்லாம் உறங்கத் தொடங்கும் நேரத்தில் பெரிய பெட்டிக்கு மாற்றுங்கள். தண்ணீர்த் தட்டில் கூழாங்கல் போட்டு ஆழத்தைக் குறைத்திருக்கிறீர்களா என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். சோர்ந்த குஞ்சு அரை அங்குலத் தண்ணீரிலும் மூழ்கிவிடும். மீதமுள்ள கம்பை வீணாக்க வேண்டாம். நான்கு வாரம் கழித்து, சலித்துக் கழுவிய ஆற்று மணல் ஒரு கிண்ணத்தில் பக்கத்திலேயே இருக்கும்போது, கைப்பிடி அளவு தூவலாம்.