மடக்குக் கத்தி அலகு ஆடுது: முறுக்கினா இறுகுது, விட்டா கழலுது

வெலிமடை:
மலிவு மடக்குக் கத்தி, அலகு 3 அங்குலம். திறந்ததும் உள்ளே இருக்கிற தகடு வந்து பூட்டிக்கொள்ளும் வகை. அலகு இடம் வலமா ஆடுது. அச்சு ஆணியை முறுக்கினா ஆட்டம் நிக்குது, ஆனா திறக்கவே கை நோகுது. கொஞ்சம் தளர்த்தினா லீக்ஸ் கட்டுக் கயிறு பத்துப் பதினைஞ்சு அறுக்கிறதுக்குள்ள மறுபடியும் லூஸ். ஆணித் தலையில ஆறு முனை நட்சத்திரப் பள்ளம். என்ன செய்யலாம் அண்ணே?

ஹட்டன்:
தம்பி, முதல்ல எந்த ஆட்டம்னு பிரிச்சுப் பாருங்க. கத்தியைத் திறந்து பூட்டி, அலகின் முதுகைப் பிடிச்சு அசைங்க. பக்கவாட்டில ஆடினா அச்சில குறை. மேலும் கீழும் ஆடினா பூட்டுத் தகடு தேய்ஞ்சிருக்கு, அச்சை எவ்வளவு முறுக்கினாலும் அது போகாது.

உங்களது அச்சு ஆட்டம்தான். திறந்து மூடும்போது அலகு வாஷரை இழுக்கும், வாஷர் அச்சை இழுக்கும், ஆணி துளித்துளியாக் கழலும். அதனால ஆணியை இறுக்கிப் பயனில்லை. சரியான இடத்தில நகராம நிக்க வைக்கணும். அதுக்கு மரைப் பசை வேணும், ஆணி மரையில தடவினா தானாக் கழலாமப் பிடிக்கிற பசை, மோட்டார் சைக்கிள் பார்ட்ஸ் கடையில கேளுங்க. லொக்டைட் 222, ஊதா நிறம், சின்ன ஆணிக்குன்னே செய்தது. இல்லன்னா நீல 243. சிவப்பு 271 வேண்டவே வேண்டாம். அதைக் கழற்ற 250 பாகை வரை சூடாக்கணும், பிளாஸ்டிக் பிடி உருகிடும். சுப்பர் குளூவும் வேண்டாம், அலகுக்குள்ள ஊறிப் பிடிச்சுக்கும்.

கூர்ப்பக்கம் மாஸ்கிங் டேப் இரண்டு சுற்று ஒட்டுங்க. கீழே வெள்ளைத் துணி விரிங்க, வாஷர் விழுந்தா தேட முடியாது. பள்ளம் டி6 அல்லது டி8 அளவா இருக்கும், போன் திருத்துற பிட் செட்டில கிடைக்கும். கிட்டத்தட்டப் பொருந்துற அலன் சாவியை நுழைச்சா பள்ளம் உருண்டுபோகும். கழற்றும்போது வாஷர் எந்தப் பக்கம் எப்படி இருந்ததுன்னு படம் எடுத்து வைங்க.

ஆணி மரையையும், ஆணி உள்ளே போய்ப் பூட்டுற அச்சுக் குழாயின் உள் மரையையும் சேர்ஜிக்கல் ஸ்பிரிட்டால துடைங்க. எண்ணெய் இருந்தா பசை சரியாப் பிடிக்காது. பல்லுக்குத்தும் குச்சி முனையில பசை எடுத்து, ஆணி நுனியில இரண்டு மூன்று மரைக்கு மட்டும் தடவுங்க. கூடினா வாஷருக்கு வழிஞ்சு அலகே இறுகிடும். ஆணியை முழுசா இறுக்கிட்டு, அரைக்கால் சுற்றுக்கும் குறைவாத் திருப்பி விடுங்க. ஆட்டம் இல்லாம அலகு ஓடுற இடம் அங்கதான் இருக்கும். அப்புறம் 24 மணி நேரம் தொடாதீங்க. குளிர்ல பசை மெதுவாத்தான் பிடிக்கும், நுவரெலியா, கந்தப்பளைப் பக்கம்னா இரண்டு இரவு விடுறது நல்லது.

பசை பிடிச்ச பிறகு தையல் மெஷின் எண்ணெய் ஒரு துளி. தேங்காய் எண்ணெய் 24 பாகைக்குக் கீழே உறையும், நம்ம ஊர்க் குளிர்ல அச்சுக்குள்ள மெழுகா நிக்கும்.

வெலிமடை:
அண்ணே, திருகினா மறுபக்கத் தலையும் சேர்ந்து சுத்துது. அந்தத் தலையில பள்ளமே இல்ல.

பதுளை:
அச்சுக் குழாயில ஒரு பக்கம் தட்டையாச் செதுக்கி இருப்பாங்க, பிடியின் துளையிலயும் அதே தட்டை இருக்கணும். மலிவுக் கத்தியில துளை மெல்லிய உலோகத்தில இருக்கிறதால வட்டமாத் தேய்ஞ்சுடும். சைக்கிள் டியூப் துண்டை அந்த மழுங்கல் தலை மேல வைச்சு, மேசையில கவிழ்த்து அழுத்திக்கிட்டே திருகுங்க. அப்பவும் சுத்தினா அலகைப் பக்கவாட்டில லேசாத் தள்ளிப் பிடிங்க, குழாய் கொஞ்சம் இறுகி நிக்கும். பலமாத் தள்ளாதீங்க, அலகு வளையும்.

திரும்பப் பூட்டும்போது அந்தத் தலையின் அடியில, பிடியைத் தொடுற இடத்தில மட்டும், அரல்டைட் மெல்லிசாத் தடவிக் காய விடுங்க. குழாய் அலகுக்குள்ள போற பகுதியில படவே கூடாது.

வாஷர் தேய்ஞ்சிருந்தா சோடா கேன் தகட்டில வட்டம் வெட்டிப் போடலாம், கிட்டத்தட்ட 0.1 மி.மீ. தடிப்பு. பழைய வாஷருக்கும் பிடிக்கும் நடுவில போடுங்க. அலகோட நேரா உரசினா அலுமினியம் சீக்கிரம் கிழியும்.

மஸ்கெலியா:
என் கத்தியில ஸ்குரூவே இல்ல, தட்டி அடைச்ச ஆணி. அதுக்கு?

ஹட்டன்:
உருண்டை முனைச் சின்னச் சுத்தியல் வேணும், அடியில தண்டவாளத் துண்டு மாதிரிக் கெட்டியான இரும்பு. அலகுக்கும் பிடிக்கும் நடுவில மெல்லிய காகிதம் ஒன்னு நுழைச்சுக்குங்க, அந்த இடைவெளிதான் அலகு ஓட இடம். ஆணித் தலையின் ஓரத்தைச் சுத்திச் சுத்தி லேசாத் தட்டுங்க. நடுவில அடிச்சா ஆணி தடிச்சு அலகு துளைக்குள்ள இறுகும். நாலஞ்சு தட்டுக்கு ஒரு தடவை ஆட்டிப் பார்த்து, ஆட்டம் போனதும் காகிதத்தை உருவுங்க. கூடுதலா இறுகிட்டா எண்ணெய் விட்டு இருபது முப்பது தடவை திறந்து மூடுங்க, கொஞ்சம் இளகும்.

வெலிமடை:
டியூப் வைச்சுக் கழன்றுது. பசை போட்டு இரண்டு இரவு விட்டேன். பக்க ஆட்டம் இல்ல, அலகும் லேசா ஓடுது. மேலும் கீழும் மட்டும் ஒரு மயிரிழை ஆட்டம் இருக்கு.

ஹட்டன்:
திறந்து பூட்டித் தகட்டைப் பாருங்க. அலகின் அடியில பாதிக்குள்ள நின்னா இன்னும் தேய இடம் இருக்கு, பாவிக்கலாம். மறு ஓரம் வரை போயிருந்தா அது பூட்டு இல்ல, அழுத்தினா விரல் மேல மடங்கிடும். அந்தக் கத்தியால எதையும் குத்தாதீங்க, கயிறு அறுக்கும்போதும் அலகு மடங்குற பக்கத்தில விரல் வைக்காதீங்க.