மெத்திலேற்றம் பாதியிலேயே நின்றுவிடுகிறது, வழி சொல்லுங்கள்

வணக்கம். சுங்கை சிப்புட்டில் கடைவீட்டு மாடியில் ஒரு சிறிய ஆய்வகம். ரப்பர் பால் புரதங்களின் சர்க்கரைச் சங்கிலிகளைப் பார்ப்பதுதான் நோக்கம். ஆனால் பழகுவதற்கு எடுத்த ரைபோநியூக்ளியேஸ் பி என்ற, சர்க்கரைச் சங்கிலி கொண்ட புரதத்திலேயே மூன்று வாரமாகச் சிக்கிக் கிடக்கிறேன்.

முதலில் சங்கிலியைப் புரதத்திலிருந்து வெட்டும் நொதியான பிஎன்ஜிஏஸ் எஃப், 37 டிகிரி, 18 மணி நேரம். பிறகு சுத்திகரிக்க சி18 குழாய், கார்பன் குழாய், உலர்த்தல். அடுத்து மெத்திலேற்றம், அதாவது சங்கிலியில் மெத்தில் தொகுதிகளை ஏற்றுவது: சோடியம் ஹைட்ராக்சைடும் டிஎம்எஸ்ஓ என்ற கரைப்பானும் சேர்ந்த குழம்பில் மெத்தில் அயோடைடு, 20 நிமிடம். குளோரோஃபார்மில் பிரித்து நான்கு முறை தண்ணீரில் கழுவல். மால்டி நிறைமாலையை (மூலக்கூறுகளின் நிறையை அளப்பது) வெளியே கொடுத்துத்தான் எடுக்கிறோம், ஒவ்வொரு தடவையும் ஒரு வாரம் காத்திருப்பு.

மேன்5-க்கு, அதாவது ஐந்து மேனோஸ் கொண்ட சங்கிலிக்கு, 1579.8 நிறையில் உச்சி வர வேண்டும். வருகிறது, குட்டையாக. அதைவிட உயரமாக 1565.8, 1551.8. பதினான்கு பதினான்காகக் குறைவதால் மெத்தில் விடுபடுகிறது என்பது தெளிவு.

மெத்தில் அயோடைடு புதுப் போத்தல் மாற்றியாயிற்று. டிஎம்எஸ்ஓவை மூலக்கூறு சல்லடையில் வைத்தேன். நேரத்தை 45 நிமிடமாக்கினேன், மாற்றமில்லை. என் சந்தேகம் ஈரம்தான்: மாலையானால் மழை, இரவில் ஏர்கோனை அடைத்துவிடுகிறார்கள், ஹைட்ராக்சைடு வில்லையை அரைத்து முடிப்பதற்குள் உரலிலேயே பிசுபிசுக்கிறது. நைட்ரஜன் குழாயோ கையுறைப் பெட்டியோ இங்கே கிடையாது. புகைப்போக்கிப் பெட்டி மட்டும் உண்டு.

நம் ஊர் ஈரத்தில், இவ்வளவு வசதியோடு, அந்தக் குழம்பை நீர் ஏறாமல் தயாரிப்பது எப்படி?