நுரைத்தால் கறை போகுமா? கம்பளத்தின் மேல் வினிகரும் சமையல் சோடாவும்

பழைய துடைப்பம் எழுதியது:
வெளிர் நிறக் கம்பளி விரிப்பின் மேல் ஒரு கோப்பைத் தேநீர் கவிழ்ந்துவிட்டது. பலரும் பரிந்துரைக்கும் முறைப்படி, கறையின் மேல் சமையல் சோடாவைத் தூவி, அதன் மேல் வினிகரை ஊற்றி, பொங்கி வந்த நுரையோடு சேர்த்துத் தூரிகையால் அழுத்தித் தேய்த்தேன். அன்று மாலை கறை மறைந்துவிட்டதாகவே தோன்றியது. மறுநாள் காலையில் அதே இடத்தில், முன்னைவிட அகலமான பழுப்பு வளையம் ஒன்று தெரிகிறது. இதையே மீண்டும் செய்வதா, அல்லது முறையே தவறா?

வெள்ளைத்துணி எழுதியது:
முறையே தவறு என்பது என் கருத்து. வினிகர் அமிலம், சமையல் சோடா காரம். இரண்டும் கலந்தவுடன் ஒன்றையொன்று சமன்செய்துகொண்டு கரியமில வாயுவாகவும் நீராகவும் சோடியம் அசிடேட் என்னும் உப்பாகவும் மாறிவிடுகின்றன. நீங்கள் கண்ட நுரை அந்த வாயு வெளியேறியதுதான். அது அடங்கியபின் விரிப்பில் எஞ்சியது உப்புத் தண்ணீர். தேநீர்க் கறைக்கு இன்னொரு கேடும் இதில் உண்டு. தேநீரில் எலுமிச்சைச் சாறு விழுந்தால் நிறம் வெளிறுவதையும், சோடா விழுந்தால் கறுப்பதையும் எவரும் ஒரு கோப்பையில் செய்து பார்க்கலாம். சோடா மிகுந்துபோன இடங்களில் கறையை நீங்களே அழுத்தமாக்கியிருக்கிறீர்கள்.

கறை திரும்பி வந்ததில் வியப்பில்லை. அடிப்புறத் துணி வரை இறங்கிய தேநீர், மேற்பரப்பு உலர உலர, விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவதைப் போல இழை வழியாக மேலேறி நுனியில் படிந்திருக்கிறது. நீங்கள் ஊற்றிய வினிகர் அதை இன்னும் ஆழத்துக்கும் அகலத்துக்கும் கொண்டுபோயிருக்கும்.

ஈரக்கை எழுதியது:
வேதியியல் பாடத்தை நான் மறுக்கவில்லை. அதிலிருந்து வினிகரையே ஒதுக்கிவிடும் முடிவைத்தான் மறுக்கிறேன். வினிகரில் பெரும்பாலும் 5 விழுக்காடு அளவுக்கே அசிட்டிக் அமிலம் இருக்கிறது. அதில் இரண்டு பங்கு தண்ணீர் சேர்த்து, துணியில் நனைத்து ஒற்றினால், புதிய தேநீர்க் கறை கம்பளியிலிருந்து பெருமளவு விட்டுவிடுவதை நான் பலமுறை கண்டிருக்கிறேன். கம்பளி தாங்காதது காரத்தைத்தான். கம்பளிக்குச் சாயம் ஏற்றுவதே பெரும்பாலும் அமிலச் சூழலில்தான் நடக்கிறது. இதற்கு மாற்றாக நீங்கள் சோப்பு நீரைச் சொல்வீர்களானால், அதன் பிசுக்கு இழையில் தங்கி, சில வாரங்களில் தூசியை ஈர்த்து, கறை இருந்த இடத்தைக் கருந்திட்டாக்கிவிடும் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

வெள்ளைத்துணி எழுதியது:
தனி வினிகரைப் பற்றி நீங்கள் சொல்வதை ஏற்கிறேன்; என் முதல் பதிவு அதைப் பிரித்துச் சொல்லியிருக்க வேண்டும். சோப்பு நீர் குறித்து மட்டும் உடன்பட முடியவில்லை. அங்கே குற்றம் பொருளில் இல்லை, அளவில் இருக்கிறது. ஒரு கோப்பை வெதுவெதுப்பான நீரில் பாத்திரம் துலக்கும் திரவம் கால் தேக்கரண்டி போதும். பிறகு வெறும் நீரில் நனைத்துப் பிழிந்த துணியால் இரண்டு மூன்று முறை ஒற்றி அதை வெளியேற்றிவிட வேண்டும். நுரை நிறைய வந்தால்தான் மனம் நிறைகிறது என்பவர்களுக்குத்தான் கருந்திட்டு வருகிறது. சலவைத்தூளைக் கம்பளியின் அருகிலும் கொண்டுபோக வேண்டாம். அது காரமானது, பல தூள்களில் புரதத்தைச் சிதைக்கும் நொதியும் சேர்ந்திருக்கிறது, கம்பளியோ புரத இழை.

நாலுகால் வீடு எழுதியது:
இருவரும் கம்பளியையும் தேநீரையும் மட்டும் வைத்து வாதிடுகிறீர்கள். என் வீட்டு விரிப்பு நைலான், கறை நாயின் சிறுநீர். வினிகரால் அம்மோனியா நெடி அடங்கியது. ஆனால் சிறுநீரின் எச்சம் உள்ளேயே இருந்ததால், காற்றில் ஈரம் ஏறும் நாள்களிலெல்லாம் வாடை திரும்பியது. நொதி கலந்த திரவத்தை ஊறவிட்ட பிறகே அது ஒழிந்தது. ஆகவே இழை எது என்று அறியாமல் எதையும் பரிந்துரைக்கக் கூடாது. விரிப்பின் ஓரத்திலிருந்து ஒரே ஓர் இழையைப் பிடுங்கி, விரிப்பை விட்டுத் தள்ளி வந்து, இடுக்கியில் பிடித்துக் கொளுத்திப் பாருங்கள். முடி கருகும் நாற்றத்துடன் பொடியும் சாம்பலானால் கம்பளி. உருகிக் கெட்டியான மணியாகத் திரண்டால் செயற்கை இழை.

ஈரக்கை எழுதியது:
மிகவும் பயனுள்ள குறிப்பு. ஓர் எச்சரிக்கையும் சேர்க்கிறேன்: எதுவும் பலிக்கவில்லை என்று குளோரின் வெளுப்பானைக் கையில் எடுக்காதீர்கள். அது கம்பளியை அரித்துக் கரைத்துவிடும். வினிகர் ஊற்றிய இடத்தில் பட்டால் நச்சான குளோரின் வாயுவும் கிளம்பும்.

பழைய துடைப்பம் எழுதியது:
மூன்று இரவுகள் இதைச் செய்து பார்த்தேன். நீர்த்த வினிகரைத் துணியால் ஒற்றி, அதன் மேல் மடித்த வெள்ளைப் பருத்தித் துணியைப் பரப்பி, பிளாஸ்டிக் தாள் விரித்துக் கனமான புத்தகங்களை ஏற்றிவைத்தேன். ஒவ்வொரு காலையும் பழுப்பு நிறம் விரிப்பை விட்டுத் துணிக்கு ஏறியிருந்தது. வளையம் இப்போது தேடினால்தான் தெரிகிறது. ஆனால் முதல் நாள் தூரிகையால் தேய்த்த இடத்தில் இழைகள் ஒன்றோடொன்று பின்னிச் சடையாகிவிட்டன; எவ்வளவு கோதியும் நிமிரவில்லை.

ஈரக்கை எழுதியது:
ஈரக் கம்பளியைத் தேய்த்தால் அப்படித்தான் ஆகும், அதைச் சரிசெய்ய வழியில்லை. அது தூரிகையின் குற்றம், வினிகரின் குற்றமன்று.

வெள்ளைத்துணி எழுதியது:
நுரையைப் பார்த்துத்தானே அவர் தூரிகையை எடுத்தார்.