சுங்கான் செய்யப் பழக எந்தக் கட்டையில் தொடங்குவது?

கொறங்காட்டான் (காங்கயம்)

எல்லாருக்கும் வணக்கமுங்க. புகையிலை பைப், அதாவது சுங்கான், கையால் செய்யப் பழக வேண்டும் என்று ரொம்ப நாள் ஆசை. என் பெரியப்பா வால்பாறையில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் கணக்கெழுதியவர். அவருடைய பைப் இப்போது என்னிடம் இருக்கிறது. வாய்க்குழாய் உடைந்து போய், கிண்ணம் மட்டும் மிச்சம். அதைத் திருப்பித் திருப்பிப் பார்க்கும்போதெல்லாம் இப்படி ஒன்றை நாமே குடைந்து பார்த்தால் என்ன என்று தோன்றும். நான் புகைப்பவன் இல்லை. மரவேலை பிடிக்கும். மத்து, அகப்பை, அருவாள் பிடி வரைக்கும் செய்திருக்கிறேன்.

துளை போட்டு வாய்க்குழாயும் மாட்டிய பிரையர் கட்டை, அதாவது சுங்கானுக்கென்றே வரும் கட்டை, விலைக்குக் கிடைக்கிறது. வெளியே செதுக்கி இழைத்தால் போதும். எங்கள் தோட்டத்தில் விழுந்த புளியமரத்தின் தூர்க்கட்டையும் ஆறு வருசமாகக் கட்டுத்தரையில் காய்ந்து கிடக்கிறது. நல்ல வைரம். எதில் தொடங்கலாம்? என் மனசு புளியில்தான் இருக்கிறது.

பீளமேடு கடைசல்

தம்பி, முதல் சுங்கானுக்குப் புளி வேண்டாம். செங்கல் சூளை வைத்திருப்பவர்களைக் கேட்டுப் பாருங்கள், புளிய விறகு எவ்வளவு சூடு கொடுக்கும் என்று சொல்வார்கள். விறகுக்குப் பேர் வாங்கிய மரத்தின் வயிற்றிலேயே நெருப்பை வைத்துவிட்டு, நீ மட்டும் எரியாதே என்றால் எப்படி?

பிரையர் சாதாரணக் கட்டை இல்லை. எரிக்கா ஆர்போரியா என்ற புதரில் தண்டும் வேரும் சேருகிற இடத்தில் திரளும் முண்டு அது. இத்தாலி, கோர்சிகா, கிரீஸ், அல்ஜீரியா என்று மத்தியதரைக் கடலைச் சுற்றியுள்ள வறண்ட குன்றுகளில் வளர்கிறது. காட்டுத்தீ வந்து மேலே எல்லாம் கருகினாலும் அந்த முண்டிலிருந்து மறுபடி துளிர்விடும். அதைத் தோண்டி எடுத்து, அறுத்து, மணிக்கணக்கில் தண்ணீரில் கொதிக்கவிட்டு, சாறு இறங்கிய பிறகு மாதக்கணக்கில் நிழலில் காயப்போடுவார்கள். பிரான்சின் ஜூரா மலையில் சான்-குளோத் என்ற ஊரே 19ஆம் நூற்றாண்டிலிருந்து இந்தத் தொழிலுக்குப் பேர் போனது. இவ்வளவு பேர் சேர்ந்து பாதி வேலையை முடித்துக் கொடுத்த கட்டையை வாங்கிச் செதுக்குங்கள். முதல் உருப்படி உருப்படியாக வந்தால்தான் இரண்டாவது செய்ய மனசு வரும்.

சென்னிமலைக்காரன்

பிரையரைப் பற்றி அண்ணன் சொன்னது எல்லாம் சரி. ஆனால் வந்து சேர்ந்த முடிவை ஒத்துக்கொள்ள முடியவில்லை. சுங்கான் என்பதே துளைதானுங்க. அருவாள் பிடி செய்தவருக்கு இழைக்கவும் உப்புத்தாள் போடவும் யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. துளை போட்ட கட்டையை வாங்கினால், தெரிந்த வேலையையே இன்னொரு தடவை செய்கிறார். தெரியாத வேலை தெரியாததாகவே இருக்கும்.

மூன்று துளை வேண்டும். கிண்ணத்துக்கு 19 அல்லது 20 மி.மீ., புகை வழிக்கு 4 மி.மீ., வாய்க்குழாயின் முளை, அதாவது மரத்துக்குள் செருகும் நுனி, நுழைய 8 மி.மீ. சுமார். புகை வழி கிண்ணத்தின் அடியில் சரியாக நடுவில் வந்து திறக்க வேண்டும். கொஞ்சம் மேலே திறந்தால் அடியில் இருக்கும் புகையிலை எரியாமல் ஈரச் சக்கையாகத் தங்கும். அதைச் சரிசெய்ய வழியே இல்லை. முளைத் துளையும் புகை வழியும் ஒரே நேர்கோட்டில் இருக்க வேண்டும். அதனால் கட்டையை இறுக்கி வைத்த பிடியிலிருந்து கழற்றாமல் துளை போடும் பிட்டை மட்டும் மாற்றிப் போட வேண்டும். கட்டை சதுரமாக இருக்கும்போதே பக்கவாட்டில் பென்சில் கோடு இழுத்துத் துளை போட்டுவிடுங்கள், வடிவம் அப்புறம். கிண்ணத்துச் சுவர் 5, 6 மி.மீ.க்குக் குறையக் கூடாது.

இதைப் பழகக் காசு கொடுத்து வாங்கிய கட்டையா வேண்டும்? வேம்பு, வாகை, பூவரசு எது கிடைத்தாலும் துண்டு போட்டு எடுத்து வையுங்கள். பத்துத் துண்டு பாழானால் வெந்நீர் அடுப்புக்கு ஆகும். அரளியும் எட்டியும் மட்டும் கைதவறிக்கூட வேண்டாம், விஷம். ஈட்டித் தூள் சிலருக்கு ஒவ்வாது, எந்த மரமானாலும் முகக்கவசம் போடுங்கள்.

இன்னொன்று, பிரையர் இல்லாமல் சுங்கான் இல்லை என்பதும் கிடையாது. செர்ரி, ஆலிவ் மரங்களில் செய்கிறார்கள். அமெரிக்காவில் மிசௌரியில் 1869 முதல் மணி உதிர்த்த மக்காச்சோளக் கதிரிலேயே செய்கிறார்கள்.

பீளமேடு கடைசல்

அந்த மக்காச்சோளக் கதிர் நம் பல்லடம் கோழித்தீவனக் கதிர் இல்லைங்க. அதற்கென்றே தடித்த கதிர் விளைவித்து, வருசக்கணக்கில் உலரவைத்து, வெளியே பிளாஸ்டர் பூசுகிறார்கள். எதை எடுத்தாலும் பின்னால் ஒரு பக்குவம் இருக்கிறது. புதிதாக வருபவரிடம் அந்தப் பக்குவத்தையும் நீயே கண்டுபிடி என்று சொல்வது நியாயமில்லை.

அமராவதிக்கரை (தாராபுரம்)

குறுக்கே பேசுவதற்கு மன்னிக்க வேண்டும். எல்லாரும் எந்தக் கட்டை என்று பேசுகிறீர்கள். எதற்கு என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. என் அப்பா புகையிலை போடுவார். வாய்ப்புற்றில்தான் போனார். கடைசி நாலு மாசம் கஞ்சியும் இறங்கவில்லை. போடுவது வேறு, புகைப்பது வேறு என்று சொல்லாதீர்கள். பைப் பிடிப்பவர்களுக்கு உதட்டில் புற்று வருவதை ஜெர்மன் மருத்துவர் சோமரிங் 1795லேயே எழுதி வைத்துவிட்டார்.

துண்டு பீடியைப் பார்த்து யாரும் ஆசைப்பட மாட்டார்கள். இழைத்து மெழுகு போட்டு மினுக்கிய ஒரு சுங்கானைப் பார்த்தால் பதினைந்து வயசுப் பையனுக்கு ஆசை வரும். அதுதான் என் பயம். நீளமாக, நேராகத் துளை போடுவதுதான் சவால் என்றால் நரசிங்கம்பேட்டையில் ஆச்சா மரத்தில் நாதஸ்வரம் செய்கிறார்களே, அந்த மாதிரி ஒன்றைப் பழகலாமே தம்பி.

சென்னிமலைக்காரன்

அக்கா, உங்கள் வருத்தம் புரிகிறது. ஆனாலும் செய்வதும் புகைப்பதும் ஒன்றாகாது. அவர் புகைப்பதில்லை என்று முதலிலேயே சொல்லிவிட்டார்.

அமராவதிக்கரை

அவர் புகைக்க மாட்டார். அவர் செய்தது யார் கைக்குப் போகும் என்று அவரால் சொல்ல முடியுமா?

கொறங்காட்டான்

அக்கா எழுதியதைப் படித்துவிட்டு இரண்டு நாள் ஒன்றும் எழுதத் தோன்றவில்லை. விற்கவும் மாட்டேன், யாருக்கும் கொடுக்கவும் மாட்டேன் என்று இங்கேயே சொல்லி வைக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை கூட்டாளியின் பட்டறையில் துளை போட்டுப் பார்த்தேன். முதலில் வேம்பு. நீளமான 4 மி.மீ. பிட் உள்ளே வளைந்து ஓடி, கிண்ணத்தின் நடுவுக்கு 3 மி.மீ. தள்ளி வெளியே வந்தது. வெளியிலிருந்து பார்த்தால் கோடு பிடித்த மாதிரிதான் இருந்தது. இரண்டாவது துண்டில் குட்டைப் பிட்டால் ஒரு விரற்கடை துளைத்து வழி காட்டிவிட்டு, அப்புறம் நீளப் பிட்டைப் போட்டேன். ஐந்து மி.மீ.க்கு ஒரு தடவை வெளியே இழுத்துத் தூளைத் தட்டினேன். ஒரு மி.மீ. மேலே திறந்தது. மூன்றாவது சரியாக அடியில் வந்து நின்றது. உள்ளே விளக்கடித்துப் பார்த்தபோது வந்த சந்தோசத்தைச் சொல்லத் தெரியவில்லைங்க.

அந்தத் தைரியத்தில் புளியை எடுத்தேன். பிட் புகைந்தது. கிண்ணத் துளை முடிந்ததும் ஒரு பக்கத்தில் மயிரிழை மாதிரி விரிசல். மறுநாள் காலையில் அது விளிம்பு வரைக்கும் ஓடிவிட்டது.

பீளமேடு கடைசல்

தூரின் நடுத்தண்டு அந்தத் துண்டுக்குள் வந்திருக்கும். நடுவைச் சுற்றி மரம் வெடிக்கத்தான் செய்யும். வேம்பில் துளை பழகியது நல்லதுதான், அதில் சென்னிமலைக்காரர் சொன்னதை ஏற்கிறேன். ஆனால் வாய்க்குழாயை எல்லாரும் மறந்துவிட்டீர்கள். மரத்துளை எட்டு மி.மீ. என்றால் முளையை அதற்குத் தகுந்தபடி லேத்தில் கடைய வேண்டும். ஒரு நூல் தடித்தால் தண்டு பிளக்கும், மெலிந்தால் கழன்று விழும். எபோனைட், அதாவது கெட்டி ரப்பர், கம்பிதான் பழகுவதற்கு நல்லது. ராஜமுந்திரியில் கைப்பேனா கடைபவர்கள் அதில்தான் வேலை செய்கிறார்கள். அரத்துக்கு இணங்கும், சூடு காட்டினால் வளையும். வெயிலில் வைத்தால் மட்டும் பச்சை பூத்துவிடும்.

அமராவதிக்கரை

ஒன்று கேட்கட்டுமா? தம்பி முதல் நாளே சொன்னாரே, பெரியப்பாவின் கிண்ணம் இருக்கிறது, வாய்க்குழாய்தான் இல்லை என்று. துளை போட்ட நல்ல கட்டை அவர் வீட்டிலேயே இருக்கிறது. புதிதாக ஒன்று செய்வதற்கு நான் எப்போதும் சம்மதிக்க மாட்டேன். பெரியப்பா கையிலிருந்ததைச் சரிசெய்து பெட்டியில் வைப்பதற்கு எனக்கு ஒரு வார்த்தையும் இல்லை.

பீளமேடு கடைசல்

அம்மணி சொன்னது எனக்கு முதலிலேயே தோன்றியிருக்க வேண்டும். தம்பி, பழைய முளை உள்ளே உடைந்து சிக்கியிருந்தால் ஒரு மெல்லிய திருகாணியை லேசாகத் திருகி நேராக இழுங்கள். துளையை வெர்னியர் அளவுகோலால் வாயிலும் உள்ளேயும் அளந்து கொள்ளுங்கள். பொருந்தவில்லை என்றால் முளையைத்தான் அரத்தால் தேய்க்க வேண்டும், மரத்துளையைத் தொடவே கூடாது. கிண்ணத்துக்கு வார்னிஷ் வேண்டாம், கார்னுபா மெழுகு போதும்.

சென்னிமலைக்காரன்

அதைச் செய்யட்டும், நல்ல வேலை. ஆனால் வேம்பில் வந்த மூன்றாவது துளையை வீணாக்காதீர்கள் தம்பி. இன்னும் ஏழு துண்டு போட்டால் கை நின்றுவிடும். அதற்கு மேல் பிரையர் வாங்குவதா வேண்டாமா என்பதில் அக்காவும் நானும் ஒத்துப்போகப் போவதில்லை.

கொறங்காட்டான்

உடைந்த முளை உள்ளேதான் இருந்தது, திருகாணியில் வந்துவிட்டது. சூடு ஆறுவதற்குள் பெரியப்பா குழாயைத் திருகிக் கழற்றியிருப்பார் போல, ஓரம் முறுக்கி உடைந்திருக்கிறது. அளந்து பார்த்தேன். வாயில் 7.9, உள்ளே 7.7. அண்ணா, இதற்கு முளையைச் சரிவாகக் கடைய வேண்டுமா, நேராகவா?