பொருளடக்கப் பெட்டி வேண்டுமா, வேண்டாமா? (கொடை, ஊட்டி பயணப் பக்கங்கள்)

கோத்தகிரிக்காரி:
"பக்கம் எவ்வளவு நீளமானாலும் மேலே பொருளடக்கம் வைத்தால் போதும், வேண்டியவர் தேடிக்கொள்வார்" என்று வில்பட்டியான் அடித்துச் சொல்லியிருக்கிறார். படித்ததும் எரிச்சல்தான் வந்தது. தொட்டால் அந்தந்தப் பகுதிக்குத் தாவும் பன்னிரண்டு தலைப்புள்ள பெட்டி கைபேசியில் முதல் திரையையே விழுங்கிவிடும். மலைக்கு வண்டியில் வருகிறவருக்கு முதலில் தெரிய வேண்டியது இ-பாஸ், அதாவது இணையத்தில் எடுக்கும் நுழைவு அனுமதி. 2024 மே 7 முதல் அது நடைமுறையில் இருக்கிறது. அதை முதல் இரண்டு வரியில் சொல்லுங்கள். பெட்டி வேண்டாம்.

வில்பட்டியான்:
இ-பாஸைக் கீழே தள்ளச் சொன்னேனா அக்கா? முதல் பத்தியில் இ-பாஸ், அதற்கடுத்துப் பெட்டி. அதில் இரண்டாம் நிலைத் தலைப்புகள் (பக்கத்தின் பெயருக்கு அடுத்த பெரிய பகுதித் தலைப்புகள்) மட்டும், ஏழுக்கு மேல் போகக் கூடாது. கைபேசியில் மூடியிருக்கட்டும், தொட்டால் விரியட்டும். சிக்னல் போய்விட்டாலும், திறந்து வைத்த பக்கத்துக்குள் தாவ இணையம் தேவையில்லை. மலைப்பாதையில் இதைவிட வேறென்ன வேண்டும்?

கோத்தகிரிக்காரி:
மூடிய பெட்டியை யார் திறப்பார்கள்? "தங்குமிடம்" என்று மொட்டையாகப் போடாமல் "ஏரிக்கு அருகில் தங்க" என்று தலைப்பு வையுங்கள். விரலால் தள்ளும்போதே கண்ணில் படும். பெட்டி வேண்டாம்.

குன்னூர்வாசி:
வில்பட்டியான் பக்கத்தில் பாதித் தலைப்பு வெறும் தடித்த எழுத்து. இது தலைப்பு என்று கணினிக்குச் சொல்லும் தலைப்பு நிலை கொடுக்காததால் அவை பெட்டியிலேயே வரவில்லை. திரைவாசிப்பான் (பார்வையற்றவர்களுக்குத் திரையில் உள்ளதைப் படித்துக் காட்டும் செயலி) வைத்திருப்பவர் தலைப்புக்குத் தலைப்பு தாவினாலும் அவற்றைத் தாண்டிப் போய்விடுவார்.

வில்பட்டியான்:
அது பழைய பதிவு. பெட்டி வேண்டாம் என்பவர்கள் அதைச் சரியாகச் செய்து பார்த்ததே இல்லை. தமிழ்த் தலைப்பிலிருந்து தானாக உருவாகும் இணைப்பை வாட்ஸ்அப்பில் ஒட்டினால், ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் ஒன்பது எழுத்தாக நீளும். தலைப்புக்குத் தலைப்பு ஆங்கில எழுத்தில் சின்னப் பெயர் கையால் கொடுங்கள். உச்சியில் ஒட்டி நிற்கும் பட்டை இருந்தால், தாவியதும் தலைப்பு அதன் அடியில் ஒளிந்துகொள்ளும். பட்டையின் உயரத்துக்கு மேல்விளிம்பு இடைவெளி கொடுங்கள். இவ்வளவும் செய்த பிறகு வந்து பேசுங்கள்.

கோத்தகிரிக்காரி:
இவ்வளவு வேலை வாங்கும் பெட்டி எதற்கு? உங்கள் வண்டி எண்ணிக்கை அட்டவணையைப் பாருங்கள். ஐந்து நெடுவரிசை வைத்ததில் வலப்பக்கம் கைபேசியில் வெட்டுப்பட்டு, கொடைக்கானலுக்கான எண்ணே தெரியவில்லை. ஒரு நாளைக்கு அனுமதிக்கும் வண்டிகள் நீலகிரிக்கு வார நாளில் 6,000, வார இறுதியில் 8,000. கொடைக்கு 4,000, 6,000. இரண்டு வரியில் முடிகிற விஷயம். அது 2025 ஏப்ரல் முதல் ஜூன் வரைக்கு உயர் நீதிமன்றம் சொன்னது. அந்தத் தேதியையும் போடவில்லை.

வில்பட்டியான்:
தேதி பக்கத்தின் அடியில் இருக்கிறது.

கோத்தகிரிக்காரி:
அடியில் இருப்பதை யார் பார்ப்பார்கள்? எண் இருக்கும் வரியிலேயே தேதி வேண்டும்.

குன்னூர்வாசி:
இருபக்கமும் நேராக்கி வைத்திருக்கிறீர்களே, அதையும் எடுங்கள். தமிழ்ச் சொற்கள் நீளமானவை. சின்னத் திரையில் வரிக்கு மூன்று சொல்தான் நிற்கிறது, நடுவே ஓட்டை ஓட்டையாக இடைவெளி. இடப்பக்கம் மட்டும் நேராக்கினால் போதும்.

வில்பட்டியான்:
அச்சில் வரும் தமிழ் எல்லாம் இருபக்கமும் நேராகத்தான் இருக்கிறது. ஊட்டிப் பக்கத்துக்காரர்களுக்கு எங்கள் கொடைக்கானல் பக்கத்தில் குறை கண்டுபிடிப்பதே வேலை. பேச்சு பெட்டியைப் பற்றி. ஏழு தலைப்பு, மூடிய பெட்டி, முதல் பத்திக்குக் கீழே. அது இருக்கும்.

கோத்தகிரிக்காரி:
அச்சுத்தாளின் அகலம் கைபேசிக்கு இருக்கிறதா தம்பி? ஊரை எதற்கு இழுக்கிறீர்கள்? பெட்டி வேண்டாம்.