'அழைப்பிதழ்' வேண்டாம், 'அழைப்புச் சான்று' என்போம்

குழுவினருக்கு வணக்கம்.

மாநாட்டுக்கு வெளிநாட்டிலிருந்து வருவோர் விசா விண்ணப்பத்தோடு இணைப்பதற்காக ஏற்பாட்டாளர்கள் தரும் கடிதத்துக்கு இதுவரை மூன்று சொற்கள் முன்மொழியப்பட்டுள்ளன: அழைப்பிதழ், விசா ஆதரவுக் கடிதம், பங்கேற்புச் சான்றிதழ். மூன்றில் எதையும் ஏற்க எனக்கு மனம் வரவில்லை.

முதல் சொல்லால் நேர்ந்ததை நேரில் கண்டவன் நான். சென்ற மாநாட்டின் தமிழ் அறிவிப்பில் "விசாவுக்கான அழைப்பிதழைக் கேட்டுப் பெறவும்" என்று எழுதியவனும் நானே. ஓர் ஆய்வாளர், எல்லோருக்கும் அனுப்பியிருந்த வண்ண அழைப்பிதழை அச்சிட்டு விண்ணப்பத்தோடு வைத்துவிட்டார். அதில் குத்துவிளக்குப் படம் இருந்தது, தொடக்கவிழா நிகழ்ச்சி நிரல் இருந்தது; அவருடைய பெயர் மட்டும் இல்லை. பயண நோக்கத்துக்குப் போதிய ஆதாரம் இல்லை என்று விண்ணப்பம் திரும்பி வந்தது. ஓராண்டு உழைத்து எழுதிய கட்டுரையை அவரால் வாசிக்க முடியவில்லை. என் சொல்லை நம்பியதைத் தவிர அவர் எந்தப் பிழையும் செய்யவில்லை.

அந்தக் கடிதத்தில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். கடவுச்சீட்டில் உள்ளபடியே முழுப்பெயர், பிறந்த தேதி, கடவுச்சீட்டு எண், கட்டுரைத் தலைப்பு, மாநாட்டு நாள்கள், இடம், பதிவு முடிந்த விவரம், செலவு யாருடையது என்ற ஒரு வரி. இன்னார் உண்மையாகவே அழைக்கப்பட்டவர் என்று அதிகாரிக்குச் சொல்லும் சான்று அது. அதற்கு மேல் எதற்கும் அது பொறுப்பேற்பதில்லை. அதனால்தான் 'ஆதரவு' என்ற சொல் எனக்கு உறுத்துகிறது. கடிதம் கையில் இருந்தால் விசா உறுதி என்று மாணவர்கள் நம்பிவிடுவார்கள். பங்கேற்புச் சான்றிதழோ மாநாடு முடிந்த பிறகு கையில் தருவது.

ஆகவே என் முன்மொழிவு: அழைப்புச் சான்று.

சான்று, சான்றிதழ், சான்றொப்பம் என்று ஏற்கெனவே நெரிசலாக இருக்கிறதே என்று அம்மையார் எழுதியது நியாயம்தான். ஆனாலும் 'அழைப்பு' முன்னால் நிற்பதால் குழப்பம் வராது என்று நினைக்கிறேன்.

விசாவுக்கே தமிழ்ச்சொல் வேண்டும் என்ற ஐயாவின் கருத்தோடு உடன்படுகிறேன். ஆனால் தாங்கள் தந்த 'நுழைவு அனுமதி' பொருந்தாது, ஐயா. விசா இருந்தாலும் உள்ளே விடுவதா வேண்டாமா என்பதை எல்லையில் இருக்கும் அதிகாரிதான் முடிவு செய்கிறார். இலத்தீன் மூலத்திலும் அந்தச் சொல்லுக்குப் 'பார்க்கப்பட்டது' என்றுதான் பொருள். தாளைப் பார்த்துவிட்டோம் என்ற குறிப்பு, அவ்வளவே. 'நுழைவிசைவு' என்றால் அந்த அளவு சரியாக இருக்கிறது. எல்லையில் கிடைப்பதற்கு 'நுழைவு அனுமதி' என்பதை ஒதுக்கி வைக்கலாம். 'கடவுச்சீட்டு' ஊன்றிவிட்டதைப் போல இதுவும் ஊன்றும். அதுவரை அறிவிப்புகளில் 'விசா' என்றே எழுதுவதில் எனக்குத் தடையில்லை.

இன்னொன்றையும் இப்போதே பிரித்துவிடுவோம். ஒரே விசாவில் சென்றுவரக்கூடிய ஐரோப்பிய நாடுகளான ஷெங்கன் நாடுகள் கடவுச்சீட்டில் ஒட்டித் தரும் விசா ஒட்டியில் இரண்டு காலங்கள் தனித்தனியாக இருக்கும். எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதிக்குள் பயன்படுத்தலாம் என்பது ஒன்று, உள்ளே எத்தனை நாள் இருக்கலாம் என்பது மற்றொன்று. ஒருமுறை நுழையும் விசாவில் பொதுவாகப் பயணத் தேதி தள்ளிப்போனால் உதவும் 15 நாள் சலுகைக் காலமும் சேர்வதால் முதலாவது நீளமாகத் தெரியும். இரண்டுக்கும் 'விசா காலம்' என்று எழுதினால், அந்த நீளத்தை நம்பி ஒருவர் கூடுதலாகத் தங்கிவிடக்கூடும். அது அடுத்த விண்ணப்பத்தையே கெடுக்கும். முதலாவது 'செல்லுபடிக் காலம்', இரண்டாவது 'தங்கல் நாள்கள்' என்று வைத்துக்கொள்ளலாமா?

அடுத்த அறிவிப்புக்கு நான் எழுதி வைத்திருக்கும் வரி இது: "விசா தேவைப்படுவோர், பதிவு முடிந்ததும் தம் பெயரில் அழைப்புச் சான்று கேட்டுப் பெறவும். பொது அழைப்பிதழ் இதற்குப் பயன்படாது." அறிவிப்பு இந்த வாரம் வெளியாக வேண்டும். மாற்றுச் சொல் இருப்பவர்கள் அதற்குள் எழுதுங்கள்.